நாங்கள் கொண்டு வராத அப்பம்

இன்று காலை வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். வெங்காயத்தைக் கடைசியில் நறுக்கிப் போடுவதுதான் என் வழக்கம். கை என்ன நினைத்ததோ, உரித்து வைத்திருந்த சின்ன வெங்காயம் நாலையும், பூண்டு ரெண்டு பல்லையும், கொஞ்சம் சீரகத்தையும் உளுந்தோடு சேர்த்து மிக்ஸியில் ஓட்டிவிட்டது. மூடியைத் திறந்ததும் அந்த வாசனை முகத்துக்கு வந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "என்னா வாசன இது? எங்கியோ சாப்ட்ட மாதிரி இருக்கு" என்றார். காலண்டரைப் போய்ப் பார்த்தேன். பெரிய வியாழன். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள்; உன் வாயில் அது எப்போதும் பெசகா.

போன வருஷம் இந்த நாளில் நீ உயிரோடு இருந்தாய். கோட்டயத்துக்குப் பக்கத்தில், உன் அண்ணன் வீட்டில், ஒரு கட்டிலில். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போக முடியவில்லை. முதலிலிருந்து வருகிறேன்.

லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் மூன்று வீடுகள். நடுவில் நீ, பக்கத்தில் நான், அந்தப் பக்கம் மெஹரு. நீ கோட்டயத்திலிருந்து வேலைக்கு வந்த ஆஸ்பத்திரி நர்ஸ். நான் கல்வித் துறையில் கிளார்க். மெஹருவின் வீட்டுக்காரர் பொதுப்பணித் துறை. நான் குடிவந்தபோதே நீ கணவனை இழந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. கூட ஒன்பது வயதில் ஜோமோன், பல் விழுந்த வாயோடு மாடிப்படியில் சறுக்கிக்கொண்டு வருவான்.

குடிவந்து நாலைந்து மாதத்தில் ஒரு சாயங்காலம் கதவைத் தட்டினாய். "வசந்தா, விளக்கு வச்சதும் வீட்டுக்கு வா. மெஹருவையும் புள்ளைங்களையும் கூட்டிட்டு வா. சாப்டுட்டு வந்துடாத" என்றாய். ஏதோ பிறந்தநாள் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் தரையில் பாய், நடுவில் ஒரு தட்டில் வெள்ளையாக வட்டமாக ஓர் அப்பம், அதன்மேல் குருத்தோலையில் சின்னச் சிலுவை. பக்கத்தில் கிண்ணத்தில் வெல்லநிறத்தில் பால். ஜோமோன் தலையைப் படிய வாரி, தமிழ் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உனக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அதனால் அவன்தான் வாசிக்க வேண்டும். எகிப்திலிருந்து ஜனங்கள் புறப்பட்ட கதையை எழுத்துக்கு எழுத்து தடுக்கித் தடுக்கி வாசித்தான். பாதியில் மெஹரு என் காதில், "இது எங்க மூசா நபி கதைல்ல?" என்றாள். நீ கேட்டுவிட்டாய். "ஆமா, அவரேதான். எல்லாருக்கும் ஒரே ஆளு" என்றாய்.

வீட்டு ஆம்பளைதான் அப்பத்தை வெட்ட வேண்டுமாம். "எங்க வீட்டு ஆம்பள இவன்தான்" என்று கத்தியை ஜோமோன் கையில் கொடுத்து, மேலே உன் கையை வைத்துக்கொண்டாய். வயசு வரிசைப்படி கொடுக்க வேண்டும் என்பதால் முதல் துண்டு எனக்கு வந்தது. எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினேன். பாலில் தொட்டு வாயில் வைத்தேன். உப்பும் பூண்டும் முதலில், அப்புறம் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சுக்கும். என்ன சாப்பிடுகிறோம் என்று நாக்குக்கே பிடிபடவில்லை. ரெண்டாவது துண்டு கேட்கக் கூச்சமாக இருந்தது.

"எங்க ஊர்ல இத வெளி ஆளுக்குக் குடுக்க மாட்டாங்க. எங்க அம்மா பாத்திருந்தா வெளக்குமாத்த எடுத்திருப்பா" என்றாய். அப்புறம் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, "இங்க எனக்கு வேற யாரு இருக்கா, சொல்லு" என்றாய்.

அன்றிலிருந்து வருஷம் தவறவில்லை. சில வருஷம் மெஹருவுக்கு நோன்பும் சேர்ந்து வந்தது. அந்த வருஷங்களில் பாங்கு சொல்லும்வரை நீ அப்பத்தில் கை வைக்க மாட்டாய். நாங்கள் எல்லோரும் அப்பத்தைச் சுற்றி உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

செய்முறையைக் கேட்டால் அளவு சொல்லத் தெரியாது உனக்கு. கையைத்தான் காட்டுவாய். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் காயவிட்டு மாவாக்கி, நிறம் மாறாமல் வறுக்க வேண்டும். மூன்று கை அரிசிமாவுக்கு ஒரு கை உளுந்து. உளுந்தோடு அரை மூடி தேங்காய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம். எல்லாம் சேர்த்துக் கலந்து உப்புப் போட்டு, நெய் தடவின தட்டில் ஊற்றி, இட்லிப் பானையில் உடனே ஏற்ற வேண்டும். பாலுக்கு, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ரெண்டாம் பாலில் கொதிக்க விட்டு, கொஞ்சம் அரிசிமாவு கரைத்து ஊற்றி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, கடைசியில் முதல் பால். முதல் பால் ஊற்றினால் கொதி வரக் கூடாது. இறக்கிவிட வேண்டும். இவ்வளவுதான். ஒரு பண்டிகைச் சாப்பாடு இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீ கறாராக இருப்பாய். "கலந்து வச்சிட்டு வேற வேலைக்குப் போயிடாத. புளிக்கக் கூடாது. அவசரமா கெளம்பிப் போனவங்க சாப்பாடு இது."

ஜோமோன் பத்து வருஷம் அப்பம் வெட்டினான். கடைசியாக வெட்டியபோது காலேஜில் முதல் வருஷம், மீசை வந்திருந்தது. என் மகள் கவிதாவுக்குப் பெரிய துண்டாக வெட்டிவிட்டான் என்று மெஹருவின் பையன்கள் சண்டை பிடித்தார்கள்.

அடுத்த காணும் பொங்கலன்று நண்பர்களோடு பிள்ளைச்சாவடிப் பக்கம் கடலில் குளிக்கப் போனான். ஐந்து பேர் இறங்கினார்கள், நாலு பேர் ஏறினார்கள். சேதி வந்தபோது நீ டியூட்டியில் இருந்தாய். ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னை ஆட்டோவில் கூட்டிப் போனவள் நான்தான். மணலில் உட்கார்ந்திருந்தோம். மீனவர்கள் படகை எடுத்துக்கொண்டு போய்ப் போய்த் திரும்பினார்கள். ஒவ்வொரு படகு திரும்பும்போதும் நீ எழுந்து நிற்பாய். அவர்கள் உன் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டு இறங்குவார்கள். நீ உட்கார்ந்துவிடுவாய். ஒரு பெரியவர் வந்து, "அம்மா, வீட்டுக்குப் போங்க. கடலு வச்சிக்காது, குடுத்துடும்" என்றார். மறுநாள் விடிந்ததும் கொடுத்தது.

அவனை அவன் அப்பாவுக்குப் பக்கத்திலேயே, நம் ஊர்க் கல்லறையிலேயே வைத்தாய். உன் அண்ணன் ஊருக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். நீ போகவில்லை.

அந்த வருஷம் பெரிய வியாழனுக்கு முந்தின நாள் உன்னிடம் வந்து, நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். "சாவு நடந்த வீட்ல ஒரு வருஷத்துக்கு அப்பம் சுடக் கூடாது. சொந்தக்காரங்க யாராவது சுட்டுக் கொண்டாந்து குடுப்பாங்க. இங்க எனக்குச் சொந்தக்காரங்க ஏது" என்றாய். துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெளியே வந்து மெஹருவிடம் சொன்னேன். "நாம இல்லியாக்கா?" என்றாள்.

ஆபீஸ் போகும் அவசரத்தில் காலையிலேயே அரைத்துக் கலந்து வைத்துவிட்டேன். சாயங்காலம் வந்து ஏற்றினால் ஆயிற்று என்று கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலைப் பற்றி யோசிக்கவில்லை. வந்து பார்த்தால் மாவு பொங்கிப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கியிருந்தது. மறுபடி செய்ய அரிசிமாவு இல்லை. மெஹரு, "ஏத்திடுக்கா, பாத்துக்கலாம்" என்றாள். அது பானைக்குள் இன்னும் உப்பி, ஒரு தலையணை மாதிரி வெளியே வந்தது.

நீ தட்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தாய். "எடீ, இது என்னாது, இட்லியா?" என்றாய். சிரித்தாய். மூன்று மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. நாங்களும் சிரித்தோம். பிறகு பார்த்தால் சிரித்துக்கொண்டிருப்பது நாங்கள் ரெண்டு பேர் மட்டும்தான். உன் தோள் குலுங்குவது வேறு காரணத்துக்கு.

மெஹரு கத்தி கொண்டு வந்தாள். அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, கீழே வைத்துவிட்டாய். "வெட்ட ஆளில்ல. பிச்சுக்கலாம்" என்றாய். பிய்த்துச் சாப்பிட்டோம். புளிப்பாக இருந்தது. ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த வருஷம், துக்க வருஷம் முடிந்துவிட்டதே, இனி நீயே சுடுவாய் என்று நாங்கள் இருந்துவிட்டோம். சாயங்காலம் நாலு மணி வரை உன் சமையல்கட்டிலிருந்து எந்த வாசனையும் வரவில்லை. அப்புறம் என் வாசலில் வந்து நின்றாய். "கொண்டு வரலியா?" என்றாய்.

"வருஷம் முடிஞ்சிடுச்சே" என்றேன் நான், அறிவில்லாமல்.

"எனக்கு முடியல" என்றாய்.

அவ்வளவுதான் பேச்சு. நானும் மெஹருவும் ஓடிப்போய் உளுந்தை ஊறப் போட்டோம். அதிலிருந்து ஏழு வருஷம், ஏழு பெசகாவுக்கும் அப்பம் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. ஒருமுறைகூட அதற்குப் பிறகு புளிக்க விடவில்லை. நீயும் ஒருமுறைகூடக் கத்தியைத் தொடவில்லை. நாங்கள் ஏதோ உன்னைத் தேற்றிக்கொண்டு வருகிறோம் என்று நான் உள்ளுக்குள் நம்பியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. உனக்கு ஒரு வருஷம் தொடங்கியது, அது முடியவே இல்லை. நாங்கள் அதற்குச் சாப்பாடு கொண்டு வந்துகொண்டிருந்தோம்.

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். நான் லாஸ்பேட்டையிலேயே வீடு கட்டிக்கொண்டேன். நீ ரெண்டு தெரு தள்ளி வாடகைக்கு. மெஹரு காரைக்காலில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனாலும் பெசகாவுக்கு முந்தின நாள் பஸ் ஏறி வந்துவிடுவாள், முழங்கால் வலியோடு.

உன் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வந்ததை நீ எல்லாருக்கும் முன்னாலேயே தெரிந்துகொண்டாய். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுவதற்கு முன் நீயே படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாய். வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். நான் கூட வந்து உட்கார்ந்திருப்பேன். அங்கே இருந்த நர்ஸ் பெண்களில் பாதிப் பேர் உன்னிடம் வேலை கற்றவர்கள். உன் கையில் ஊசி குத்தும் வேலையை ஒருத்தி மேல் ஒருத்தி தள்ளிவிடுவார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பிறகுதான் உன் அண்ணன் வந்து, கேட்காமல், உன்னைக் கூட்டிப் போனார்.

காரில் படுக்க வைத்த பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டாய். "மாசம் ஒரு தடவ கல்லறைக்குப் போ. பூ வைக்காத, ஆடு தின்னுடும். புல்லு மட்டும் புடுங்கிடு. எனக்கும் அங்கதான் எடம், மறந்துடாத" என்றாய். சரி என்றேன். எந்த அதிகாரத்தில் சரி என்றேனோ.

போன வருஷம் தவக்காலம் தொடங்கினதும் போன் செய்தாய். குரல் மெலிந்திருந்தது. "எடீ, பெசகா வருது. வருவீங்களா?" என்று கேட்டாய். "வராம? மெஹருவையும் கூட்டிட்டு வரேன். மாவு இங்கியே வறுத்து எடுத்துட்டு வந்துடுறேன்" என்றேன். விழுப்புரத்திலிருந்து ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். மாவும் வறுத்து டப்பாவில் போட்டாயிற்று.

பெசகா வாரம் திங்கட்கிழமை கவிதாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கடலூர்க்காரர்கள். பெரிய வெள்ளி லீவு நாள், அன்றைக்கே பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள். கவிதாவுக்கு முப்பது முடிந்திருந்தது. இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் தட்டிப் போயிருந்தார்கள். வேறு நாள் சொல்லலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வேற நாள் சொன்னா வேற எடத்துக்குப் போயிடுவாங்க. ஒன் சிநேகிதி எங்க போயிடப் போறாங்க, அடுத்த வாரம் போய்ப் பாரு" என்றார். அவர் சொன்னதால் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை உனக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்துச் சொன்னேன். மெஹருவால் தனியாக வர முடியாது என்றும் சொன்னேன். "பொண்ணு காரியந்தான முக்கியம். முடிச்சிட்டு வாங்க" என்றாய். அடுத்த வாரம் கண்டிப்பாக என்றேன். "ம்" என்றாய். நான் உன் வாயிலிருந்து கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். கவிதாவின் சம்பளத்தை ரெண்டு தரம் கேட்டார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை காலையில் உன் அண்ணன் போன் செய்தார். பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஊரிலேயே இருந்ததால் அன்று சாயங்காலமே அடக்கம் என்றார். நானும் மெஹருவும் கிடைத்த வண்டியில் ஏறி வந்து சேர்ந்தபோது வியாழக்கிழமை மதியம். சரியாக ஒரு வாரம் பிந்தி வந்தோம்.

உன்னைக் குடும்பக் கல்லறையில் வைத்திருந்தார்கள். பெரிய சர்ச், பெரிய மேடு, சுற்றிலும் ரப்பர் மரம். உன் அண்ணனிடம், "புள்ள பக்கத்துலதான் படுக்கணும்னு சொல்லியிருந்தா" என்றேன். அவர் கோபப்படவில்லை. "இங்க அப்பன் அம்ம எல்லாரும் இருக்காங்களே" என்றார். நான் உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு முறை இல்லை. பக்கத்து வீடு. அதுவும் பழைய பக்கத்து வீடு.

அந்த வீட்டில் இந்த வருஷம் அப்பம் சுட்டிருக்க மாட்டார்கள். யாராவது உறவுக்காரர்கள் கொண்டு கொடுத்திருப்பார்கள். எனக்கு யாரும் கொண்டு வரவில்லை. கொண்டு வர வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? சிநேகிதி செத்தால் வீட்டுக்குத் தீட்டில்லை, ஆபீஸில் லீவில்லை, ஒரு வருஷக் கணக்கும் இல்லை. உன் மகனும் கணவனும் இங்கே இருக்கிறார்கள், நீ அங்கே இருக்கிறாய். மாதம் ஒரு தடவை போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருகிறேன். அடுத்த மாதம் அது மறுபடி முளைத்திருக்கிறது. எனக்குப் பிறகு யார் போவார்கள் என்று யோசித்தால் ஒரு முகமும் தோன்றவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்று மதியம் உன் அண்ணன் வீட்டில் மெஹரு கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு தொழுவதற்கு உள்ளறைக்குப் போனாள். உன் அண்ணி எனக்குப் பால் ஊற்றாத கட்டன்காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பேசியது மலையாளம். உன்னோடு பதினெட்டு வருஷம் இருந்ததால் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. பெரிய வியாழன் சாயங்காலம் அண்ணன் அப்பம் வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, உன் கட்டிலுக்கு ஒரு துண்டு கொண்டு வந்தாராம். நீ வாங்கவில்லையாம். "எனக்கு எங்க ஊர்லேர்ந்து கொண்டாருவாங்க" என்றாயாம். அதைத் தமிழிலேயே சொன்னாயாம், அதனால் அவர்களுக்கு முதலில் புரியவில்லையாம். கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாயாம். பிரார்த்தனை முடிந்து, எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாயாம்.

"நீங்கள் வருவதாகச் சொல்லியிருந்தீர்களா?" என்று உன் அண்ணி கேட்டார். குற்றம் சாட்டும் தொனி இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமையே உன்னிடம் சொல்லிவிட்டேனே. ரத்தத்தில் உப்பு ஏறினால் புத்தி தடுமாறும் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். மறந்துவிட்டாயா? இல்லை, நினைவோடுதான் இருந்தாயா, எப்படியும் இவள் வந்துவிடுவாள் என்று? எது உண்மையாக இருந்தால் எனக்கு நல்லது என்று ஒரு வருஷமாக மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். ரெண்டிலும் நீ வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

மெஹரு தொழுதுவிட்டு வந்தாள். அதற்குள் உன் அண்ணி எழுந்து போய்விட்டார். ரயிலில் வரும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. காரைக்காலிலிருந்து வாரம் ஒரு தடவை போன் செய்கிறாள். இன்றும் செய்தாள். உன்னைப் பற்றித்தான் பேசினோம். பேச்சின் முடிவில் எப்போதும் சொல்வதைத்தான் இன்றும் சொன்னாள்.

"எப்படியோக்கா, வரலன்னு முன்னாடியே அவகிட்ட சொல்லிட்டோம். நமக்காகக் காத்துட்டு இருந்திருக்க மாட்டா. அது ஒண்ணுதான் மனசுக்கு ஆறுதல்."

"ஆமா" என்றேன்.